இருபத்தேழாம் நம்பரின் கணுக்கால்

இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டதாகப் புகாரில் சொல்லப்பட்ட பொற்கொடி, எங்களுக்காக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு, நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து, விறுவிறுவென்று நடந்து வந்தாள்.

"உக்காருங்க மேடம். அண்ணே, நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தேன். கால் விளங்காத பெண் நாற்காலி தூக்கி வந்தால் வேறென்ன செய்வது?

தேனியில் ஒரு செருப்புக் கடைக்கு மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். நூற்றுக்குத் தொண்ணூறு மாப்பிள்ளை விசாரணைதான். பானுப்பிரியா மேடம் துப்பறிவார். மாரீஸ்வரனாகிய நான் வண்டி ஓட்டுவேன், போட்டோ எடுப்பேன், வேண்டாத இடத்தில் வாயைத் திறப்பேன். இதில் மூன்றாவதுதான் எனக்கு நன்றாக வரும்.

இந்தக் கேஸைக் கொடுத்தவர் போடியில் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் முத்துக்கிருஷ்ணன். ஜெர்மனியில் ஒரு கம்பெனி அவரிடம் காய் வாங்குகிறது. அங்கே புதிதாக ஒரு சட்டம். சாமான் வாங்குகிறவன், அது விளைகிற காட்டில் கூலிக்காரர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டுமாம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். அதற்காக எஸ்டேட்டில் முப்பத்து நான்கு பெண்களுக்கும் நம்பர் போட்டு, ஆதார் வாங்கி, பட்டியல் எழுதி, சுவரில் ஒரு போன் நம்பரும் ஒட்டினார்கள். குறை இருந்தால் பேசுங்கள், யார் என்று வெளியே தெரியாது.

ஐந்து நாளைக்கு முன்னால், மாலை நாலு இருபதுக்கு, அந்த நம்பருக்கு ஒரு குரல் வந்தது. "நான் இருபத்தேழு பேசுறேன். காலையில மருந்தடிச்ச காட்டுல மத்தியானமே காய் எடுக்க எறக்கி விட்டாக. மயங்கி விழுந்தேன். இப்ப ரெண்டு காலும் விளங்கல. காப்பாத்துங்க." பேசியவரைப் பாதுகாக்க ஜெர்மனிக்காரர்கள் குரலை வாத்துக் குரலாக மாற்றித்தான் எங்களிடம் கொடுத்தார்கள். இருபத்தேழு என்ற நம்பரை மறைக்க மறந்துவிட்டார்கள்; பட்டியலில் அது பொற்கொடி. குரலுக்குப் பின்னால் ஏழு தடவை மணி அடித்தது. கோயில் மணி என்றார் முத்துக்கிருஷ்ணன். போடியில் ஐந்து கோயிலுக்குப் போய்க் காது கொடுத்ததில் எனக்குப் புண்ணியம் சேர்ந்ததே தவிர மணி சேரவில்லை.

புகார் நிஜம் என்றால் இருபத்தேழாம் நம்பருக்கு மதுரையில் நரம்பு வைத்தியம், முழுச் செலவும் கம்பெனி பார்க்கும். பொய் என்றால் ஃபைலை மூடிவிடுவார்கள். நாளைக் காலை எட்டு மணிக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

"நான் போனே பண்ணல மேடம்," என்றாள் பொற்கொடி. "யாரோ எந் நம்பரைச் சொல்லிப் பேசியிருக்காக. எனக்கென்ன குறை? கொஞ்ச நாளா லீவு போட்டு வீட்ல கெடக்கேன், அம்புட்டுத்தான்."

அடுப்படியில் டீ கொதித்தது. ஏலக்காய் தட்டிப் போட்ட டீ. நாற்பது வயதிருக்கும் அவளுக்கு, நல்ல உயரம், நல்ல கனம். ஈரத் தரையில் சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகியபடி நடந்தாள். எங்களுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தாள். இன்னொரு டம்ளரை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போய், வெறும் டம்ளரோடு திரும்பினாள்.

அப்போது சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்தது. நான் போனைப் பார்த்தேன். பதினொன்று இருபது.

"உங்க கடிகாரம் ரொம்ப சுறுசுறுப்பா இருக்கே. மத்தியானச் சாப்பாடே முடிச்சிருச்சு போல?"

"திருகு ஒடஞ்சுபோச்சுண்ணே. அதும்பாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடக்கு," என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

வண்டியில் ஏறியதும் மேடம் கேட்டார். "மாரீஸ்வரா, அவ காலைப் பாத்தியா?"

"பொம்பளைங்க காலைப் பாக்காதேன்னு போன வாரம்தானே வஞ்சீங்க?"

"இப்ப பாக்கணும். மூணு மாசமா மழை. ஏலச்செடியில காய் தூர்லதான் இருக்கு. குத்த வச்சு உக்காந்துதான் எடுக்கணும். அட்டைக் கடி இல்லாம ஒரு நாள் போகாது. அவ கணுக்கால்ல ஒரு தழும்பு இருந்துச்சா?"

யோசித்துப் பார்த்தேன். துடைத்து வைத்த வெண்கலச் செம்பு மாதிரி இருந்தது அந்தக் கணுக்கால்.

"அவ ரத்தம் அட்டைக்குப் பிடிக்கலையோ என்னமோ."

"அவ மலைக்கே போனதில்லடா. பட்டியல்ல இருக்கிறது அவ பேரு. காட்டுக்குப் போனது வேற காலு."

"அப்போ அந்த மூணாவது டம்ளர்..."

"பரவால்லையே, அதைப் பாத்திருக்க. ஆனா இப்ப போய்த் திரைய விலக்குனா இன்னொரு பொய்தான் வரும். வண்டிய மேல விடு."

போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பத்தாவது வளைவிலேயே பனி இறங்கி முன்னால் போகிற ஜீப்பை மறைத்துவிட்டது. செக்போஸ்ட்டைத் தாண்டி, கேரளா பக்கம் இரண்டு மைல் மண் ரோட்டில் குலுங்கிப் போனால் எஸ்டேட். சூப்பர்வைசர் கன்னையன் குடையோடு ஓடி வந்தார்.

"வாங்க மேடம், வாங்க. இவிடெ எல்லாம் ரூல்ஸ் படிதான். கையுறை, மாஸ்க், பூட்சு எல்லாம் குடுத்தாச்சு."

"இருபத்தேழு எங்க?"

"லீவு மேடம். ஒம்பது நாளாச்சு. பத்து நாள் தாண்டுனா பட்டியல்ல இருந்து எடுத்துரணும்னு கம்பெனி ரூலு. நாளைக்கு வந்துரும்."

பெண்கள் மரத்தடியில் ஒதுங்கிச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். நான் இந்தத் தடவை அனுமதியோடு கால்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கணுக்காலிலும் கறுப்புப் புள்ளிகள், சொறிந்து சொறிந்து தடித்தவை. சிலர் புகையிலையைச் சுண்ணாம்போடு குழைத்துத் தேய்த்திருந்தார்கள். பூட்ஸ்கள் முப்பத்து நான்கும் கொட்டகையில் வரிசையாகச் சேறு படாமல் இருந்தன. அதைப் போட்டுக்கொண்டு இந்தச் சரிவில் நடந்தால் வழுக்கி நேரே போடியில்தான் போய் நிற்க வேண்டும்.

"கையுறை தர்றாக, குடிதண்ணி தர்றாக, மருந்தடிச்சா ரெண்டு நாளு காட்டுக்குள்ள விடமாட்டாக," என்றாள் முதல் பெண். இரண்டாவது பெண்ணும் கையுறை, தண்ணீர், மருந்து என்று அதே வரிசையில் சொன்னாள். ஐந்தாவது பெண் ஆரம்பித்தபோது, மீதியை நானே சொல்லி முடித்தேன். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை.

அலுவலக அறைச் சுவரில் பெரிதாக ஒரு போட்டோ. பாதுகாப்புச் சாமான் கொடுத்த அன்று ஜெர்மனிக்கு அனுப்ப எடுத்தது. முப்பத்து நான்கு பெண்கள், ஆளுக்கொரு நம்பர் அட்டை, எல்லோர் முகத்திலும் மாஸ்க், தலையில் தொப்பி. கண் மட்டும்தான் தெரிகிறது. அந்த மாஸ்க் மருந்தைத் தடுத்ததோ இல்லையோ, ஆள் அடையாளத்தை நன்றாகத் தடுத்திருந்தது.

மேடம் இருபத்தேழில் விரல் வைத்தார். "பக்கத்துல இருபத்தெட்டு யாரு?"

"வீரலட்சுமி. அந்தா, கட்டையா நிக்கிறா பாருங்க," என்றார் கன்னையன்.

போட்டோவில் இருபத்தேழின் தலை, அந்தக் கட்டை வீரலட்சுமியின் தோளுக்குத்தான் வந்தது. காலையில் நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்தவள் பொற்கொடி.

"மாஸ்க் போட்டா ஆளு குட்டையாயிருமா மேடம்?" என்றேன்.

மேடம் வெளியே போய் வீரலட்சுமியைத் தனியே கூப்பிட்டார். அவள் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

"இருபத்தேழு யாரு ஆத்தா?"

"பொற்கொடி."

"நெசமா?"

வீரலட்சுமி கன்னையனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எக்கா, நீங்க படிச்சவுக. கண்டுபிடிச்சுருவீக. கண்டுபிடிச்சுட்டா நாளைக்கு எங்க ஜீப்பு மலையேறாது. எம் மகளுக்குக் காலேசுல மூணாவது வருசம். என்னைய வேற ஒண்ணும் கேக்காதீக."

போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். இறங்குகிற வழியில் பதினேழு வளைவிலும் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. மேடம் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார், காய்ச்சலா என்று.

பொற்கொடி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. எங்களைக் கண்டதும் அவள் முகம் வெளுத்தது. மேடம் நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். ஐந்து இருபதுக்கு அது எட்டு அடித்தது.

எனக்குத் தலையில் யாரோ குட்டியது போல் இருந்தது. காலையில் பதினொன்று இருபதுக்கு இரண்டு. இப்போது ஐந்து இருபதுக்கு எட்டு. அப்படியென்றால் நாலு இருபதுக்கு? அடப்பாவி மாரீஸ்வரா, அஞ்சு கோயில் சுத்துனியேடா!

"நாலு இருபதுக்கு ஏழு அடிக்கிற மணி போடியில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு," என்றார் மேடம். "போன் பண்ணது நீதான் பொற்கொடி. புகார் சொன்னதும் நீ, இல்லேங்கிறதும் நீ. எதுக்கு?"

பொற்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பதில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"அவளை வையாதீக. உள்ள வாங்க."

கட்டிலில் ஒரு சின்ன உருவம் படுத்திருந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். போர்வைக்கு வெளியே நீட்டிய கணுக்கால்களில் தழும்புக்கு இடமே மிச்சமில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ஈ வந்து அந்தப் பாதத்தில் உட்கார்ந்தது. பாதம் அசையவில்லை.

"எங்க நாத்தனா குருவம்மாள்," என்றாள் பொற்கொடி. "காட்டுக்குப் போனது மதினிதான்."

"உங்க பேருலயே போயிருக்கலாமே?" என்றேன்.

குருவம்மாள் சிரித்தாள். "என் வயசு என்னன்னு நெனைக்கிறீக அண்ணே? கார்டுல எம்பத்திநாலு."

அவர்கள் வழக்கத்தில் மூத்த பேத்திக்கு அப்பனைப் பெற்றவள் பெயர்தான். அவளும் குருவம்மாள், இவளும் குருவம்மாள். ஆதார் எடுக்க வந்தபோது வீட்டில் இருந்தது பழைய குடும்ப அட்டை ஒன்றுதான். அதில் குருவம்மாள் என்று முதலில் எந்த வரி கண்ணில் பட்டதோ அந்த வயதைப் பதிந்துவிட்டார்கள். செத்துப்போன கிழவியின் வயது இவளுக்கு வந்துவிட்டது. திருத்தப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். பனங்காட்டு ஓரத்தில் பிறந்தவளுக்கு அது எங்கே இருக்கும்?

"முதியோர் பென்சன் கேட்டுப் போனேன். ஆளைப் பாத்தா வயசு தெரியலேன்னு வெரட்டி விட்டாக. எஸ்டேட்டுல வேலை கேட்டேன். முன்னெல்லாம் யாரும் கார்டு கேட்டதில்ல. இப்ப எல்லாருக்கும் இன்சூரன்சு போடணுமாம், அறுவது தாண்டுனா இன்சூரன்சு கெடையாதாம். கார்டைப் பாத்து வெரட்டி விட்டாக. நான் கெழவியா கொமரியான்னு எனக்கே தெரியாமப் போச்சு."

பொற்கொடிக்கு வேலை போடியிலேயே, கமிஷன் கடையில் காய் தரம் பிரிக்கிற சோலி. அவள் கார்டு சும்மாதான் கிடந்தது. நாத்தனாருக்குக் கொடுத்தாள். ஒரு மாதத்துக்கு முன்னால் பத்து நாளில் கன்டெய்னர் போக வேண்டும் என்று அவசரம். மருந்தடித்த காட்டில் அன்றைக்கே இறக்கினார்கள். குருவம்மாள் விழுந்தாள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில், அதுவும் பொற்கொடி என்ற பெயரில். எழுந்து மறுபடியும் வேலைக்குப் போனாள். இரண்டு வாரம் கழித்துக் கால் மரத்தது, மறுபடியும் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள்.

"நான் என்ன நெனைச்சேன்னா," பொற்கொடி மூக்கைச் சிந்தினாள், "கார்டுல நாந்தானே இருபத்தேழு? எம் பேருல புகார் சொன்னா எம் பேருல மதுரைக்குக் கூப்பிடுவாக. மதினிய அனுப்பிரலாம்னு நெனைச்சேன் எக்கா. அவுகளும் எஸ்டேட்டுக்காரக மாதிரித்தான், ஆளைப் பாக்கமாட்டாக, கார்டைத்தான் பாப்பாகன்னு நெனைச்சேன்."

"அப்புறம் ஏன் இல்லேன்ன?"

"மறுநாளே மலையில விசயம் பரவிருச்சு. சாயங்காலம் முப்பத்திமூணு பேரும் ஜீப்பை விட்டு எறங்கி நேரா இங்கன வந்து நின்னாக. ஒருத்தரும் வையல. சும்மா நின்னுட்டுப் போனாக."

மேடம் போனை எடுத்து முத்துக்கிருஷ்ணனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"மேடம், உண்மைய எழுதுங்க. நான் தடுக்கல. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அந்தக் கம்பெனியில இருந்து எனக்கு ரெண்டு மெயில் வரும். கூலிக்காரங்களை நல்லாப் பாத்துக்கன்னு ஒருத்தன். விலையைக் குறை, பத்து நாள்ல அனுப்புன்னு இன்னொருத்தன். ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்து மேஜையில உக்காந்திருப்பானுங்க போல, பேசிக்க மாட்டானுங்க. மருந்து விசயமும் ஆள்மாறாட்டமும் ஒண்ணா வெளிய வந்தா, எஸ்டேட்டை வெட்டிட்டுக் குவாத்தமாலாவுல வாங்குவான். எனக்கு நஷ்டம், தாங்கிக்குவேன். அந்தப் பொம்பளைங்களை யார் பாப்பா?"

"இந்தம்மா வைத்தியம்?"

"பட்டியல்ல இல்லாத ஆளுக்கு அவன் எப்படி மேடம் குடுப்பான்?"

போனை வைத்தபிறகு மேடம் கம்பெனி கொடுத்த ஆப்பைத் திறந்தார். தமிழில்தான் இருந்தது. மூன்று கேள்வி. பட்டியலில் உள்ளவரை நேரில் கண்டீர்களா? அவரே அந்த எண்ணில் வேலை செய்கிறாரா? அவர் உடல்நலத்துடன் உள்ளாரா? இரண்டாவதில் 'இல்லை' போட்டுப் பார்த்தார். 'அடையாளம் பொருந்தவில்லை. சிகிச்சை உதவி இல்லை. தோட்டம் நிறுத்தி வைக்கப்படும்' என்று சிவப்பில் வந்தது. 'ஆம்' போட்டால் டாக்டர் பொற்கொடியின் காலைத்தான் பார்ப்பார். அந்தக் கால் நாற்காலி தூக்கிக்கொண்டு நடக்கிற கால். எங்கே அழுத்தினாலும் குருவம்மாளிடம் போய்ச் சேரவில்லை. கடைசியில் 'வேறு குறிப்பு' என்று ஒரு கட்டம், இருநூறு எழுத்துக்குள். மேடம் எழுதினார், அழித்தார், எழுதினார், அழித்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. யாரையாவது கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால்தானே துப்பறிகிற வேலைக்கு மரியாதை? இங்கே பிடிபட்டவள் கட்டிலில் கிடக்கிறாள்.

மேடம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "குருவம்மா, நீயே சொல்லு. என்னன்னு எழுத?"

"எம் பேரால முப்பத்திமூணு பேரு சோத்துல மண்ணு விழ வேணாம்," என்றாள் குருவம்மாள்.  பிறகு பொற்கொடியைக் கூப்பிட்டாள். "ஏத்தா, நாளைக்குப் பத்தாவது நாளு. போகலேன்னா நம்பரை எடுத்துருவாக. நீ போ. பஸ்சுல துண்டு போட்டுச் சீட்டுப் புடிக்கிற மாதிரி புடிச்சு வையி. நான் எந்திரிச்சதும் வந்து உக்காந்துக்கிறேன்."

பொற்கொடி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்தபோது எங்களுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீப் ஸ்டாண்டில் நின்றோம். பதினைந்து பேர் ஏறிய ஜீப்பில் பதினாறாவதாக ஏறப் பொற்கொடி வந்தாள். தூக்குவாளி, சாக்கு, இடுப்பில் புகையிலைப் பொட்டலம். கணுக்கால் இரண்டிலும் சுண்ணாம்பும் புகையிலையும் தடித்தடியாய்ப் பூசியிருந்தது, பழக்கமில்லாத கை பூசியது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மதினி படுத்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாக," என்றாள் மேடத்திடம். "நான் பூசுனது சரியாத்தான் இருக்கா எக்கா?"

மேடம் குனிந்து பார்த்தார். "சரியா இருக்கு."

"ஏ பொற்கொடி, வெரசா ஏறு!" என்று உள்ளேயிருந்து வீரலட்சுமி கை நீட்டினாள். நகர்ந்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஜீப் கிளம்பிக் குரங்கணி ரோட்டைத் தாண்டி மெட்டுப் பக்கம் திரும்பியது.

மேடம் போனைத் திறந்தார். பட்டியலில் உள்ளவரை நேரில் கண்டீர்களா? ஆம். அவரே அந்த எண்ணில் வேலை செய்கிறாரா? ஆம். அவர் உடல்நலத்துடன் உள்ளாரா? மேடத்தின் விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. எட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் காத்திருந்து எதைக் கண்டுபிடிக்கப்போகிறோம்? மூன்றாவதிலும் 'ஆம்' அழுத்தினார். மூன்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

திரை பச்சையானது. 'புகார் உண்மையல்ல. தொழிலாளர் நலனில் அக்கறை காட்டியதற்கு நன்றி.'

"மாரீஸ்வரா, ஏதாவது சொல்லேன்டா," என்றார் மேடம்.

 வண்டியை எடுத்தேன். பொற்கொடி வீட்டைத் தாண்டும்போது ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே கடிகாரம் ஒன்பது அடித்தது. அப்போது மணி ஆறு இருபது. பொற்கொடி ஜீப் ஏறிப் போனது மறந்துவிட்டதோ என்னவோ, "ஏத்தா பொற்கொடி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று குருவம்மாள் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.